கம்பியற்ற தொடர்பும் துறைமுகச் சமூகமும்: பாலையூற்றை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மடிக்கணினி ஒன்றிற் கம்பியற்ற வலையமைப்பு அட்டையைப் பொருத்தி இயங்கச் செய்தல் தொழினுட்பவியலாளரின் கைவேலையாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. அதிலே வரலாற்று மாணவன் ஆராய்வதற்கு எதுவுமில்லை என்பாரும் உளர். ஆயின் அவ்வட்டை யாது என்னும் வினாவை எழுப்புவோமாயின் நிலைமை வேறாகின்றது. அடிப்படையில் அது ஒரு சிறு வானொலி நிலையம். அலைகளை வாங்குவதோடு அமையாது, அலைகளை அனுப்பவும் வல்லது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாலையூற்றுப் போன்றதொரு குடியிருப்பில் இவ்வுண்மைக்குத் தனிப்பொருள் உண்டு. அங்கு மக்களின் தலைக்கு மேலான வானலை நெடுங்காலம் பேரரசுகளினதும் கடற்படைகளினதும் உடைமையாகவே இருந்து வந்துள்ளது. அவ்வுடைமை எவ்வாறு கைமாறியது, உண்மையில் எவ்வளவு தூரம் கைமாறியது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. துறைமுகமும் வானலையும்

1795இல் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய காலந்தொட்டு அந்நகரின் பொருளியல் வாழ்வு துறைமுகத்தின் தேவைகளாலேயே வரையறுக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டிற் கப்பல்களின் ஆற்றல் எரிபொருளில் மட்டுமன்றிச் செய்தியிலும் தங்கியிருந்தமையால், எண்ணெய்த் தாங்கிகளுக்கு நிகரான முக்கியத்துவத்தைக் கம்பியில்லாத் தந்தியும் பெற்றது.

இரண்டாம் உலகப் போர் இதனை ஐயத்துக்கிடமின்றி உணர்த்திற்று. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினா வகைக் கடல் விமானமொன்று யப்பானியக் கடற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் அச்செய்தியை வானலையில் அனுப்பியது. மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்ட வேளையில், வந்துகொண்டிருந்த விமானங்களை றேடார் முன்னதாகவே கண்டறிந்தது. துறைமுகத்திலிருந்த கப்பல்களுட் பல முதனாளே கடலுக்கு அனுப்பப்பட்டிருந்தன. செய்தி முந்தியமையாற் பல உயிர்கள் காக்கப்பட்டன. எனினும் அவ்வாறு வெளியேறிய ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

போருக்குப் பின்னரான உடன்படிக்கைகள் மேலும் கூர்ந்து நோக்கத்தக்கன. 1947 நவம்பரில் இலங்கைக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே கைச்சாத்தான பாதுகாப்பு உடன்படிக்கை, கடற்படைத் தளங்களோடும் விமானத் தளங்களோடும் தொலைத்தொடர்பு வசதிகளையும் பெயர் சுட்டிச் சேர்த்துக்கொண்டது. 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 1980களில் நகருக்கு வடக்கே பேர்க்கராவில் ஜேர்மனியின் டொய்ச்ச வெல நிறுவனம் அஞ்சல் ஒலிபரப்பு நிலையமொன்றை நடத்தலாயிற்று. பிற்காலத்தில் இது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் சென்றது. 1987 ஜூலை 29ஆம் திகதிய இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களும் இரு விடயங்களை ஒருங்கே பேசின. ஒன்று, திருகோணமலைத் துறைமுகம் இந்தியாவின் நலன்களுக்கு ஊறு விளைக்கும் வகையிற் பிற நாடுகளின் இராணுவப் பயன்பாட்டுக்கு வழங்கப்படலாகாது என்பது. மற்றையது, இலங்கையிலுள்ள அந்நிய ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ, உளவு நோக்கங்களுக்குப் பயன்படாமல் உறுதிசெய்தற்பொருட்டு அவற்றுடனான உடன்பாடுகள் மீளாய்வு செய்யப்படும் என்பது.

நாற்பது ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இவ்விரு ஆவணங்களிலும் துறைமுகமும் வானலையும் இணைந்தே பேசப்படுதல் தற்செயலன்று. துறைமுகத்தை ஆள விழைவோர் அதன் வானலையையும் ஆள விழைந்தனர். அதன் கரையில் வாழ்ந்த மக்களோ அப்பேச்சுவார்த்தைகளில் ஒரு தரப்பாக இருந்தாரல்லர்.

2. அனுப்புவோரும் கேட்போரும்

இலங்கையில் வானொலியின் தோற்றமே போர்க்கருவி ஒன்றின் மறுபயன்பாடாகும். தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு பரிசோதனை ஒலிபரப்பை நிகழ்த்தினார். 1925 டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. ஒலிபரப்பு பெருகியதாயினும் அதன் அமைப்பு ஒருவழிப்பட்டதாகவே இருந்தது. பேசுவோர் சிலர், கேட்போர் பலர். அனுப்பும் கருவி அரசின் உரிமத்துக்கு உட்பட்டது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும் அந்நெறியையே தொடர்ந்தது. போர் நிகழ்ந்த ஆண்டுகளில் வடகிழக்கில் அனுப்பும் கருவியை ஒருவர் வைத்திருத்தலே ஐயத்துக்குரிய செயலாயிற்று.

வானொலி விநியோகக் கருவியாக மட்டுமிருத்தல் அதன் குறைபாடு என்றும், கேட்பவனையும் பேசவைக்கும் தொடர்புக் கருவியாக அது மாற்றப்படவேண்டும் என்றும் ஜேர்மன் நாடகாசிரியர் பேர்டோல்ட் பிரெஃக்ட் 1932இலேயே வாதிட்டமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

இவ்வொருவழித் தன்மையின் விலை 2004 டிசெம்பர் 26ஆம் திகதி வெளிப்பட்டது. சுமாத்திராவுக்கு அப்பால் நில அதிர்ச்சி நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துள் ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. அதிர்ச்சி நிகழ்ந்த கால்மணி நேரமளவில் ஹவாயிலிருந்த பசுபிக் எச்சரிக்கை நிலையம் குறிப்பொன்றை வெளியிட்டிருந்தது. ஆயின் அது பசுபிக் நாடுகளுக்கானது. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறை எதுவும் அன்றிருக்கவில்லை. 1942இற் கப்பல்களுக்கு முன்னறிவித்தல் கிடைத்த அதே கரையில், 2004இல் மீனவருக்கு எவ்வித அறிவித்தலும் கிடைக்கவில்லை. இடைப்பட்ட அறுபத்திரண்டு ஆண்டுகளிற் கருவிகள் பன்மடங்கு வளர்ந்தன. அவை எவர்பொருட்டு வைக்கப்படுகின்றன என்பதே மாறாதிருந்தது.

3. அட்டையின் வரலாறு

நாம் எடுத்துக்கொண்ட அட்டை இப்பின்னணியிலேயே நோக்கப்படவேண்டியது. கணினிகளை வானலையால் இணைக்கும் முயற்சி 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் அலோஹா வலையமைப்பாக உருப்பெற்றது. கடலாற் பிரிக்கப்பட்ட தீவுகளே அதற்கான தேவையைத் தோற்றுவித்தன. 1985இல் ஐக்கிய அமெரிக்க அரசு சில மீடிறன் வீச்சுகளைப் பயனாளர் தனித்தனி உரிமம் பெறாது பயன்படுத்த வழிசெய்தது. நுண்ணலை அடுப்புகளும் பயன்படுத்தும் 2.4 கிகாஹேட்ஸ் வீச்சு அவற்றுள் ஒன்று. 1997இல் இதற்கான பொதுநியமம் வெளிவந்தது. 1999இல் அப்பிள் நிறுவனத்தின் ஐபுக் மடிக்கணினியோடு அட்டை பொதுச் சந்தையிற் பரவலாயிற்று. 2003இல் இன்டெல் நிறுவனத்தின் சென்றினோ வெளிவந்த பின்னர், பக்கவாட்டுத் துளையிற் செருகப்பட்ட அட்டை படிப்படியாகக் கணினியின் உள்ளுறுப்பாயிற்று. இத்தகைய குற்றலைகளைக் கொண்டு 1895இலேயே கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சோதனைகள் நிகழ்த்தியிருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

பேர்க்கரா நிலையத்தின் சிற்றலைப் பரப்பிகள் 250 கிலோவாற்று வலுவுடையன. மடிக்கணினி அட்டையின் வலுவோ பெரும்பாலும் 0.1 வாற்றை மிஞ்சுவதில்லை. முன்னையது பின்னையதிலும் இருபத்தைந்து இலட்சம் மடங்கு வலியது. எனினும் அட்டை தன் உரிமையாளனை அனுப்புவோனாகவும் ஆக்குகின்றது. அளவிற் சிறியதாயினும் பண்பில் இது வேறுபட்ட நிலையாகும்.

4. நிறுவுதலும் அமைத்தலும்

அட்டையைப் பொருத்தியதும் கணினி அதன் உற்பத்தியாளர் எண்ணையும் சாதன எண்ணையும் வாசித்து, அதற்குரிய இயக்கி மென்பொருளைத் தேடுகின்றது. 'டிரைவர்' என வழங்கும் இவ்வியக்கி இன்றேல் அட்டை வெறும் தகடே. சில அட்டைகள் தமக்குள் ஏற்றப்படவேண்டிய நிலைபொருளையும் வேண்டி நிற்கும். அடுத்துப் பயனாளர் எந்நாட்டில் உள்ளார் என்பது அமைக்கப்படவேண்டும். எவ்வாய்க்கால்களை எவ்வலுவிற் பயன்படுத்தலாம் என்பதை அதுவே தீர்மானிக்கின்றது. 2.4 கிகாஹேட்ஸ் வீச்சில் அமெரிக்காவிற் பொதுவாக 11 வாய்க்கால்களும் உலகின் பெரும்பகுதியில் 13 வாய்க்கால்களும் பயன்படுகின்றன. அமெரிக்காவுக்கென அமைக்கப்பட்ட அட்டை இங்கு 13ஆம் வாய்க்காலில் இயங்கும் வலையமைப்பைக் காணாதொழியலாம். இதன் பின்னரே வலையமைப்பின் பெயரைத் தெரிதல், கடவுச்சொல்லை இடுதல், முகவரியைப் பெறுதல் என்பன நிகழும்.

பிழையைத் தேடுவதும் இவ்வொழுங்கிலேயே அமைதல் வேண்டும். வலையமைப்பு எதுவும் தென்படாவிடின் வானொலி ஆளியையும் இயக்கியையும் ஆராய்க. பெயர் தென்பட்டும் இணையாவிடின் கடவுச்சொல்லையும் மறையீட்டு முறையையும் ஆராய்க. இணைந்தும் பக்கங்கள் திறவாவிடின் முகவரியையும் பெயர்தீர்ப்புச் சேவையையும் ஆராய்க. மறையீட்டிற் பழைய வெப் முறையின் பலவீனம் 2001இலேயே வெளிப்படுத்தப்பட்டமையால் அதனைத் தவிர்த்தல் இன்றியமையாதது.

இவ்வொழுங்கில் முதற்படியான இயக்கியே சமூக நோக்கில் முதன்மையானது. அட்டையை விலைகொடுத்து வாங்கியவன் அதன் இயக்கத்தை அறியும் உரிமையைப் பெறுவதில்லை. புரோட்கொம் நிறுவனத்தின் அட்டைகள் லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குவதற்கு வேண்டிய விவரங்கள் நெடுங்காலம் வெளியிடப்படவில்லை. தன்னார்வ நிரலாளர் அவற்றின் நடத்தையைப் புறத்தேயிருந்து அவதானித்து எழுதிய இயக்கி 2006இல் லினக்சோடு சேர்க்கப்பட்டது. நிறுவனம் தன் புதிய அட்டைகள் சிலவற்றுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது 2010இலேயே. லிங்சிஸ் வழிப்படுத்தி ஒன்றின் மூலநிரல், அதிற் கட்டற்ற மென்பொருள் பயன்பட்டமை காரணமாக, 2003இல் வெளியிடப்படவேண்டியதாயிற்று. அதிலிருந்தே ஓப்பின்டபிள்யுஆர்ரி என்னும் பொதுமுயற்சி கிளைத்தது. அறிவு தனியுடைமையாகும்போது கருவியின் உரிமையாளனும் அதன் வாடகையாளனே ஆகிறான் என்பதற்கு இவை சான்றுகளாகும்.

கம்பியற்ற தொடர்பு என்னும் பெயரும் ஓரளவு மயக்கந்தருவதே. மடிக்கணினிக்கும் வழிப்படுத்திக்கும் இடைப்பட்ட சில மீற்றர் தூரத்திற்கே அப்பெயர் முற்றிலும் பொருந்தும். அதற்கப்பால் வலையமைப்பின் முதுகெலும்பு நிலத்திலும் கடலடியிலும் செல்லும் வடங்களே. அவ்வடங்களுக்கு உரிமையாளர் உளர், கட்டணம் உண்டு. 2022 மார்ச்சில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீடித்தபோது, மின்கம்பியின்றிக் கம்பியற்ற தொடர்பும் இல்லை என்பது இலங்கை எங்கும் உணரப்பட்டது. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில் நாட்டின் சில பகுதிகளில் மாணவர் சமிக்ஞை தேடி மலையேறினர். அவர்களிற் பலருக்குக் குறைபாடு அறிவிலன்று, வசதியிலேயே இருந்தது. ஆகவே அட்டை தன்னளவில் விடுதலைக் கருவி என்று கொள்வதும் பிழையாகும்.

5. பெயரிடும் உரிமை

இறுதியாக ஒரு சிறு செய்தி. வலையமைப்பின் பெயருக்கு நியமம் ஒதுக்கிய இடம் 32 பைற்றுகள். ஆங்கிலத்தில் அது 32 எழுத்துகள். இன்று வழக்கிலுள்ள யுனிகோட் குறியீட்டு முறையிலோ தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைற்றுகளைக் கொள்ளும். உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே கணக்கிடப்படும். எனவே தமிழுக்குக் கிடைப்பன பத்துக் குறியீடுகள் மட்டுமே. பாலையூற்று என்னும் பெயர் எமது இலக்கணப்படி ஐந்தெழுத்து, கணினிக் கணக்கிற் பத்துக் குறியீடு, 30 பைற்றுகள். அது மட்டுமட்டாக அடங்கிவிடுகின்றது. திருகோணமலை என்பதும் அவ்வாறே அடங்கும். திருக்கோணமலை என ஒற்று மிகுத்து எழுதின் அடங்காது. நியமம் வகுத்தோர் எமக்குத் தீங்கெண்ணி இதனைச் செய்தாரல்லர். நியமம் வகுக்குமிடத்தில் நாம் இருந்திலோம் என்பதே காரணம்.

1947இலும் 1987இலும் எம் கரையின் வானலை பற்றிப் பேசப்பட்டபோது நிலைமை இதுவாகவே இருந்தது. இன்றோ அனுப்பும் கருவி மடியின்மேல் உள்ளது. அதனைப் பிறர் அமைத்தவாறே பயன்படுத்துவோன் கேட்போனாகவே எஞ்சுவான். அதன் இயக்கியை, வாய்க்காலை, மறையீட்டை விளங்கி அமைப்போனே அனுப்புவோனாவான். இவ்வறிவு பாலையூற்றின் மாணவனுக்கும் மீனவன் மகளுக்கும் தமிழிலே கிடைக்கச் செய்தல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் கடன் என்பது எமது துணிபு. அடுத்த பேரலை வரும்போது செய்தி முந்தவேண்டுமாயின், கப்பல்களுக்கு மட்டுமன்றிக் கரையிலுள்ளோருக்கும் அது முந்தவேண்டும்.