மால்டன் பாட்டும் ஒரு மாணவியின் விடையும்

உயர்நிலைப் பள்ளியில் நான் சரித்திரம் கற்பித்த காலத்தில், பாடநூலில் ஆங்கிலோ-சாக்சன் மக்களுக்கு ஒரு பத்திக்கு மேல் இடமில்லை. ஆகவே அவர்களைப் பற்றி நான் சொன்னதெல்லாம் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடிய எங்கள் சரித்திர மன்றத்திலேதான். பரீட்சைக்கு வராத பாடமாதலால் விருப்பமுள்ளவர்களே வந்தனர். வராதவர்களை நான் தேடியதுமில்லை.

பியோவுல்ஃப் காவியத்தோடு தொடங்குவது என் வழக்கம். 3182 அடிகள் கொண்ட இக்காவியம் பழைய ஆங்கிலத்தில் இயன்றது. எனினும் அதன் கதை நடப்பது டென்மார்க்கிலும் தென் ஸ்வீடனிலுமே. ஹ்ரோத்கார் மன்னனுடைய மண்டபத்தில் இரவிலே புகுந்து வீரர்களைத் தின்னும் கிரெண்டல் என்னும் பூதத்தைப் பியோவுல்ஃப் வெறுங்கையால் வெல்கிறான். பழிவாங்க வந்த அதன் தாயை நீருக்கடியிற் சென்று கொல்கிறான். ஐம்பது ஆண்டு அரசாண்டபின், முதுமையில், நெருப்புமிழும் நாகமொன்றோடு பொருது அதையும் மாய்த்துத் தானும் மாள்கிறான். கிரெண்டலின் கை தோளோடு பெயர்ந்து விழும் இடத்தில் மன்றத்தில் ஓர் அசைவும் இராது.

அதன்பிறகு எவனாவது ஒருவன் எழுந்து, “பூதக்கதை சரித்திரமாகுமா, ஐயா?” என்று கேட்பான். அக்கேள்விக்காகவே நான் காத்திருப்பேன். பியோவுல்ஃபின் மாமனாகிய ஹிகெலாக் என்னும் அரசன் பிராங்கியர் நாட்டின்மேற் கடல்வழியே படையெடுத்துச் சென்று அங்கேயே மடிந்தான் என்று காவியம் கூறுகிறது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த தூர் நகரத்து கிரெகோரி என்னும் பாதிரியார் எழுதிய லத்தீன் சரித்திரத்திலும் அதே படையெடுப்பும் அதே மரணமும் வருகின்றன. பெயர் மட்டும் சற்றுத் திரிந்திருக்கிறது. இரண்டும் ஒன்றே எனக் கண்டவர் கிருண்ட்விக் என்னும் டேனிஷ் அறிஞர். இனி, 1939-ல் சஃபோக் பகுதியில் சட்டன் ஹூ என்னுமிடத்தில் ஒரு மேட்டைத் தோண்டியபோது, ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள கப்பலின் சுவடு மணலில் தெரிந்தது. மரமெல்லாம் மக்கிப்போய் இரும்பு ஆணிகளே வரிசை வரிசையாக நின்றன. நடுவே, நூற்றுக்கணக்கான துண்டுகளாக உடைந்த தலைக்கவசம் ஒன்றும் பொன்னணிகளும் கிடைத்தன. காவியம் வருணிக்கும் பொன்னும் கவசமும் வெறுங்கற்பனை அல்ல என்பது அன்று விளங்கியது.

இக்காவியத்துக்கு உலகில் உள்ள ஏட்டுப்பிரதி ஒன்றே ஒன்று. கி.பி. 1000-ஐ ஒட்டி எழுதப்பட்ட அது ராபர்ட் காட்டன் என்பவரின் நூல்நிலையத்தைச் சேர்ந்தது. 1731 அக்டோபர் மாதத்தில் அந்நூல்நிலையம் இருந்த ஆஷ்பர்னம் மாளிகை தீப்பற்றியது. பியோவுல்ஃப் ஏடு ஓரங்கள் கருகியதோடு தப்பியது. கருகிய ஓரங்கள் பிறகு தாமே உதிரலாயின. 1787-ஐ அடுத்துத் தார்க்கெலின் என்பவர் கோபன்ஹேகனிலிருந்து வந்து இரு படிகள் எடுத்துச் சென்றமையால், இன்று மூலத்தில் இல்லாத ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளை அறிகிறோம். 1807-ல் ஆங்கிலேயர் கோபன்ஹேகன் மீது குண்டு பொழிந்தபோது தார்க்கெலினுடைய வீடு எரிந்தது. பல்லாண்டு உழைப்பும் போயிற்று. ஆங்கிலக் காவியம் ஆங்கிலேயர் குண்டினாலேயே அழிய இருந்த வேடிக்கையை என் மாணாக்கர் ஒருநாளும் மறந்ததில்லை. படிகள் இரண்டும் தப்பின. 1815-ல் காவியம் முதன்முறையாக அச்சேறியது.

அதே தீயில் முற்றும் எரிந்துபோன ஏடுகளுள் ஒன்று மால்டன் போர்ப் பாட்டு. நல்வினைப் பயனாக அதற்கு முன்னரே ஒருவர் அதைப் படியெடுத்திருந்தார். 1726-ல் அச்சும் ஆகியிருந்தது. தலையும் வாலும் இல்லாத 325 அடிகள்தாம் எஞ்சின. என்னைக் கேட்டால், பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த சரித்திரப் பாடம் கிடைப்பது அரிது.

கி.பி. 991 ஆகஸ்டு மாதம். எசெக்ஸ் நாட்டின் தலைவர் பிர்ட்நாத், நரைமுடி உடையவர். பிளாக்வாட்டர் ஆற்றின் கழிமுகத்தில் உள்ள தீவில் வைக்கிங் கப்பற்படை இறங்கியிருக்கிறது. அது நார்த்தித் தீவு என்பர். தீவுக்கும் கரைக்கும் இடையே ஒரே பாதை. கடலேற்றத்தில் அது மூழ்கும், வற்றும்போது வெளிப்படும். பொன் கொடுத்தால் போய்விடுவோம் என்கிறான் பகைவரின் தூதன். ஈட்டிகளே எங்கள் திறை என்கிறார் பிர்ட்நாத். பாதையை மூவர் நின்று காக்கின்றனர். அப்பொழுது, கரையேறிப் போரிட இடம் தருமாறு பகைவர் கேட்க, அவர் இசைகிறார். போரில் அவர் விழுகிறார். காட்ரிக் என்னும் ஒருவன் தலைவருடைய குதிரையிலேயே ஏறி ஓட, தலைவரே ஓடுகிறார் என்று மயங்கிப் பலரும் ஓடுகின்றனர். எஞ்சியோர் அவருடைய உடலைச் சுற்றி நின்று மாள்கின்றனர்.

அவர் இடம் கொடுத்ததைக் குறிக்கக் கவிஞர் ஆளும் சொல் ‘ஒஃபெர்மோட்’. மிகை நெஞ்சூக்கம், செருக்கு என்று பொருள் கொள்ளலாம். பேராசிரியர் டால்கீன் 1953-ல் அச்சொல்லை எடுத்துக்கொண்டு பிர்ட்நாத்தைக் கடுமையாகக் கண்டித்தார். நானும் ஆண்டுதோறும் அவ்வாறே கண்டித்து வந்தேன். பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது என்னும் சோம்பல் ஆசிரியர்க்கும் உண்டு, நேயர்களே.

ஓராண்டு மன்றத்தின் கட்டுரைப் போட்டிக்கு, பிர்ட்நாத் செய்தது சரியா என்பதைத் தலைப்பாகக் கொடுத்தேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டே பக்கம் எழுதியிருந்தாள். வந்தவர்கள் கப்பலில் வந்தவர்கள்; தீவிலேயே தடுத்திருந்தால் பாய்விரித்து அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள்; அங்கே படை இராது; ஆகவே கையிற் படையிருந்தபோதே போரிட நினைத்தார் என்பது அவள் வாதம். ‘கவிஞரின் சொல்லைக் கவனிக்கவில்லை’ என்று ஓரத்திற் சிவப்பு மையால் எழுதினேன். நான் சொன்னதையே அழகாகத் திருப்பிச் சொன்ன ஒரு பையனுக்குப் பரிசு போயிற்று.

சில மாதங்கள் கழித்து ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பின் மொழிபெயர்ப்பை வேறொரு காரியமாகப் புரட்டினேன். 991-ஆம் ஆண்டுக் குறிப்பின் முதற்செய்தியே இப்ஸ்விச் நகரம் சூறையாடப்பட்டது என்பது. அதன்பின் விரைவில் மால்டனில் பிர்ட்நாத் கொல்லப்பட்டார் என்பது அடுத்தது. ஊர்விட்டு ஊர் தாவும் கப்பற்படை! முன்பு பலமுறை படித்த வரிதான். அவளுடைய விடையைப் படித்தபின்னரே அதன் பொருள் எனக்கு எட்டியது. ஆராய்ச்சியாளர் சிலரும் அவள் கூறியதையே கூறியிருப்பதைப் பிறகு கண்டேன்.

பரிசு கொடுத்தாகிவிட்டது, மாற்ற வழியில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவளுடைய கட்டுரையை நானே மன்றத்தில் உரக்கப் படித்து, என் குறிப்பு பிழை என்றும் சொன்னேன். அவள் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. “அப்படியானால் கவிஞர் ஏன் செருக்கு என்றார், ஐயா?” என்றாள்.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். போர் தோற்ற அதே ஆண்டில், கான்டர்பரிப் பேராயர் சிகெரிக்கின் ஆலோசனைப்படி, டேனியருக்கு 10,000 பவுண்டு திறை கொடுக்கப்பட்டது. அக்காலத்தில் பவுண்டுக்கு 240 வெள்ளிப் பென்னி. ஆக 24 லட்சம் காசுகள். 994-ல் 16,000 பவுண்டு, 1002-ல் 24,000, 1012-ல் 48,000. எதெல்ரெட் மன்னர் 1016-ல் இறந்தார். அவ்வாண்டே நாடு முழுவதும் கனூட் என்னும் டேனிய அரசன் கைக்குப் போயிற்று. மால்டனில் வென்றிருந்தால் கவிஞர் வேறு சொல் தேடியிருப்பாரோ என்று நான் கேட்டேன். “ஆனால் தோற்றவர்களைத்தானே அவர் இவ்வளவு புகழ்கிறார்?” என்றாள் அவள். என்னிடம் விடையில்லை. மணி அடிக்கும்வரை பிள்ளைகள் அதையே பேசிக்கொண்டிருந்தனர்.

மணி அடித்தபின் ஒருவன், பாட்டு எப்படி முடிகிறது என்று கேட்டான். முடிவு கிடைக்கவில்லை என்றேன். கிடைத்த கடைசி அடிகளில் காட்ரிக் என்னும் வேறொரு வீரன் ஈட்டி எறிந்துகொண்டு முன்னேறுகிறான். குதிரையேறி ஓடிய காட்ரிக் இவன் அல்லன் என்று கவிஞர் கருத்தாகத் தெரிவிக்கிறார். அந்த இடத்தில் ஏடு அறுந்துவிடுகிறது.