பயணத் தகவலின் பகுப்பு: ஜப்பான் செல்வோரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

வெளிநாடு செல்வோருக்கான கையேடுகள் விசா, நாணயம், உணவு, வானிலை எனப் பொருள்வாரியாகச் செய்திகளை அடுக்குகின்றன. தேடுவதற்கு அவ்வடுக்கு எளிது. ஆனால் எதை எப்போது அறிந்திருக்க வேண்டும் என்பதை அது காட்டுவதில்லை. ஆகவே வேறோர் அடிப்படையை இங்கு முன்வைக்கிறோம்.

முதலில் வரையறை. ஒரு நாட்டார் யாரும் சொல்லாமலே அறிந்திருப்பதும், அங்குச் செல்பவர் கேட்டே அறிய வேண்டியதுமான செய்தியே பயணத் தகவல். ஃபுஜி மலையின் உயரம் 3,776 மீட்டர் என்பது பொது அறிவு. அது இவ்வரையறைக்குள் வாராது. ஐந்து யென் நாணயம் வரும். ஜப்பானில் புழங்கும் நாணயங்களுள் அது ஒன்றில் மட்டுமே மதிப்பு எண்ணுருவில் இல்லை. பித்தளை நிறம், நடுவில் துளை, சாய்ந்த நெற்கதிர், மதிப்பைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்து ஆகியவை அதில் உண்டு. அங்கே பிறந்த குழந்தைக்கு அது ஐந்து யென். புதியவரோ கடை முகப்பில் அதைப் புரட்டிப் பார்த்து நிற்பார்.

2. பகுப்பின் அடிப்படை

தகவலைப் பொருளால் பகுக்காமல், அது இல்லாதபோது நேரும் பிழையால் பகுக்கிறோம். நேர்ந்தபின் திருத்த இயலாதது மீளாப் பிழை. சிறு செலவோடு திருத்தக்கூடியது மீள்பிழை. செய்தவருக்கே தெரியாமல் போவது மறைபிழை.

3. மீள்பிழை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். செருகியில் இரண்டு தட்டையான முனைகள். 100–240 என்று அச்சிட்ட கைபேசிச் சார்ஜர் அங்கே இயங்கும். ஊரிலிருந்து எடுத்துச் சென்ற 230 வோல்ட் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க நெடுநேரம் ஆகும். ஜப்பான் ரயில் பாஸ் வைத்திருப்பவர் நொஸோமி விரைவு ரயிலில் ஏறினால் தனிக் கட்டணம் தர வேண்டும். நள்ளிரவை ஒட்டி நகர ரயில்கள் நின்றுவிடும், தவறவிட்டவருக்கு டாக்ஸிதான். இவையெல்லாம் பணத்தோடு முடியும் பிழைகள். கையேடுகள் இவற்றுக்கே அதிகப் பக்கங்களை ஒதுக்குவது முறையன்று என்பது நம் கருத்து.

4. மறைபிழை

இவ்வகையில் தலையாயது உணவு. மரக்கறி உண்பவர் "இறைச்சி உண்டா?" என்று கேட்கிறார், "இல்லை" என்று பதில் வருகிறது. பதில் உண்மையே. ஆயினும் மிசோ சூப்பிலும், நூடுல்ஸ் மிதக்கும் சாற்றிலும், வேகவைத்த காய்கறியிலும் பெரும்பாலும் 'தாஷி' என்னும் அடிச்சாறு கலந்திருக்கும். பொதுவாக அது 'கத்சுவோபுஷி'யிலிருந்து எடுக்கப்படுவது. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் இறுக உலர்த்தி, இழைப்புளியில் இழைத்த மரச்சுருள்போல் மெல்லியதாகச் சீவுவார்கள். நம் கடற்கரைகளிலும் இலங்கையிலும் புழங்கும் மாசிக் கருவாட்டுக்கு அது நெருங்கிய உறவு. மீனும் அதே சூரைதான். சீவல்களை வெந்நீரில் இட்டு வடித்துவிடுவதால் கிண்ணத்தில் மீன் கண்ணுக்குத் தெரியாது.

பிழையின் காரணம் கேள்வியில் இருக்கிறது. இறைச்சி என்ற சொல்லுக்குள் மீன்சாறு அடங்குவதில்லை. ஆகவே "தாஷியில் மீன் உண்டா?" என்றே கேட்க வேண்டும். பௌத்த மடங்களின் 'ஷோஜின்' சமையலில் கடற்பாசியும் உலர்ந்த காளானும் கொண்டு தாஷி எடுக்கிறார்கள். கோயா மலையின் மடங்களில் தங்குவோருக்கு அவ்வுணவு கிடைக்கிறது.

காலணியும் இவ்வகைதான். வாசலில் கழற்றும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அங்கே அதற்கு மேலும் இரு படிகள் உண்டு: பாய் விரித்த அறைக்குள் வீட்டுச் செருப்பும் ஆகாது, கழிவறைக்கென வைத்த செருப்பு கழிவறையை விட்டு வெளியே வரக் கூடாது. தவறினாலும் விருந்தோம்புவோர் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். பிழை மறைபிழையாவது அம்மரியாதையால்தான்.

5. மீளாப் பிழை

இது எல்லைசார்ந்தது, இடர்சார்ந்தது என இருவகைப்படும்.

எல்லைசார்ந்தவற்றுள் மருந்து முதன்மையானது. ஆம்ஃபெட்டமின் கலந்த மருந்தை, மருத்துவர் சீட்டு இருந்தாலும், ஜப்பானுக்குள் கொண்டு செல்ல இயலாது. சூடோஎஃபெட்ரின் பத்து விழுக்காட்டுக்கு மேல் உள்ள மூக்கடைப்பு மாத்திரைகளும் தடைக்குரியவை. சீட்டின்பேரில் வாங்கும் மருந்து ஒரு மாத அளவைத் தாண்டினால், புறப்படும் முன்பே 'யுன்யு ககுனின்ஷோ' என்னும் இறக்குமதி உறுதிச் சான்று பெற வேண்டும். ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்ணும் பெற்றோரை மூன்று மாதம் தங்க அழைக்கும் பிள்ளைகள் இதை முதலில் படிக்க வேண்டும். இறங்கியபின் கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருப்பதும் சட்டக் கடமை; விடுதிப் பெட்டியில் பூட்டிவிட்டு வெளியே செல்லலாகாது.

இடர்சார்ந்ததில் நிலநடுக்கம் முதன்மையானது. ரிக்டர் எண் நடுக்கத்தின் மூல ஆற்றலைச் சொல்வது. ஜப்பானியர் அறிவிப்பில் கேட்பதோ 'ஷிந்தோ', அதாவது நாம் நிற்கும் இடத்தில் நிலம் ஆடிய அளவு. அது 0 முதல் 7 வரை செல்லும். 5, 6 இரண்டும் கீழ், மேல் எனப் பிரிவதால் படிகள் பத்து. கைபேசி எச்சரிக்கை ஒலித்தால் வெளியே ஓடாமல் மேசைக்கடியில் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். கடலோரத்தில் இருந்தால், ஆட்டம் நின்றவுடன், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குச் செல்ல வேண்டும். சுனாமி என்ற ஜப்பானியச் சொல் 2004 டிசம்பர் 26-க்குப் பின் தமிழில் வீட்டுச் சொல்லாயிற்று. அதன் பொருளை இனி யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

இடர் நேர்ந்தால் அழைக்க, ஜப்பானில் காவல்துறைக்கு எண் 110. தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் 119. ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. மருத்துவமனைச் செலவு நோயாளியுடையது.