ஜிஞ்சர் பியர் போத்தலுக்குள் ஒரு நத்தை

வயிறு சரியில்லை எண்டால் எங்கட வீடுகளில் ஒரு ஜிஞ்சர் பியர் வாங்கிக் குடிக்கச் சொல்லுவினம். அதே ஜிஞ்சர் பியர் குடித்து வயிறு கெட்டுப்போனதாக ஒரு பெண் வழக்குப் போட்டார். பழுதான சாமானைச் செய்தவரிடமே நட்டஈடு கேட்கலாம் என்பது இண்டைக்கு எங்களுக்குச் சாதாரண விசயம். அது சாதாரணமாகிறதுக்கு அந்தப் பெண் கிட்டத்தட்ட நாலு வருசம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1928 ஓகஸ்ட் 26, ஞாயிற்றுக்கிழமை. ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் வெல்மெடோ என்ற சிறிய கஃபே. கிளாஸ்கோவில் கடையொன்றில் வேலை செய்த மே டொனஹியூ தன் சிநேகிதியோடு அங்கே போயிருந்தார். காசு கொடுத்தது சிநேகிதி. மேக்கு ஐஸ்கிறீமும் அதற்கு மேல் ஊற்ற ஒரு போத்தல் ஜிஞ்சர் பியரும் வந்தன. போத்தல் மண்ணிறக் கண்ணாடி, உள்ளே இருக்கிறது வெளியில் தெரியாது. கொஞ்சம் குடித்த பிறகு சிநேகிதி மிச்சத்தை ஊற்றியபோது, அழுகிய நத்தை ஒன்று மிதந்து வந்ததாக மே சொன்னார். பிறகு வயிற்று நோவோடு வைத்தியரிடமும் ஆஸ்பத்திரிக்கும் போனார்.

சரி, ஆரைக் கேக்கிறது? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கஃபேக்காரரோடு ஒப்பந்தம் இருந்தது காசு கொடுத்த சிநேகிதிக்கு. ஆனால் சிநேகிதி அதைக் குடிக்கவில்லை. குடித்த மேக்கு யாரோடும் ஒப்பந்தம் இல்லை. போத்தலை மூடி அனுப்பிய உற்பத்தியாளர் டேவிட் ஸ்டீவன்சனுக்கு மே யாரென்றே தெரியாது. வாங்காத ஆளுக்கு நான் ஏன் பொறுப்பு எண்டு அவர் கேட்கலாம். அன்றைய சட்டமும் பெரும்பாலும் அவர் பக்கம்தான் நின்றது.

மேயின் சட்டத்தரணி வோல்டர் லீச்மனுக்கு இது நல்லாத் தெரியும். ஜிஞ்சர் பியர் போத்தலுக்குள் எலி கிடந்ததாகச் சொன்ன இன்னொரு வழக்கில் அவருடைய தரப்பு 1929 மார்ச்சில்தான் தோற்றிருந்தது. மூன்று கிழமை போகமுதல், ஏப்ரல் 9 ஆம் திகதி, மேக்காக 500 பவுண் கேட்டு ஸ்டீவன்சனுக்கு எதிராக வழக்குப் போட்டார். எடின்பரோவில் மேல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. லண்டனில் பிரபுக்கள் சபைக்கு மேன்முறையீடு செய்ய மேயிடம் காசில்லை. தன்னிடம் ஐந்து பவுண் பெறுமதிகூட இல்லை என்று சத்தியம் செய்து, ஏழை வழக்காளியாக அனுமதி வாங்கினார்.

1932 மே 26 இல் தீர்ப்பு வந்தது. மூன்று நீதிபதிகள் மேயின் பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். ஒருவர் மாறியிருந்தால் கதை அவ்வளவுதான். தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவரான அட்கின் பிரபு, அயலவரை நேசி என்ற வேத வசனத்தைச் சட்டத்துக்குள் கொண்டு வந்தார். உன் செயலால் யாருக்குப் பாதிப்பு வரலாம் என்று நீ முன்கூட்டியே யோசிக்க வேண்டுமோ, அவர்தான் உன் அயலவர். போத்தலை மூடுகிறவருக்கு அதைத் திறந்து குடிக்கிறவர் அயலவர். வாங்கினவர் ஆர், பில் ஆரின்ர கையில் எண்டது இரண்டாவது கேள்வி.

ஒரு விசயம் சொல்ல வேணும்: அந்த நத்தை உண்மையில் இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. நடந்தது உண்மையானால் வழக்குக்கு இடமுண்டா என்ற சட்டக் கேள்விக்குத்தான் பிரபுக்கள் சபை பதில் சொன்னது. அதே வருடம் ஸ்டீவன்சன் இறந்துபோக, விவகாரம் பிறகு 200 பவுணோடு சமாதானமாக முடிந்தது.

அந்த நாட்களில் எங்கட நாட்டில் இருந்தது 1896 ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஆங்கிலச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. இன்ன தேவைக்கு எண்டு சொல்லி வாங்கும் சாமான் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் அது வாங்கினவருக்கும் விற்றவருக்கும் இடையிலான சட்டம். கேட்பதானால் நீதிமன்றம் ஏற வேண்டும். ஒரு குடைக்காக ஆர் கோடு ஏறுவினம்?

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு இறக்குமதிச் சாமான்கள் குவிந்த பிறகு, 1979 இல் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் அதன் கீழான பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால், சபை விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, சாமானை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடலாம். கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டியதும் கடைக்காரரின் கடமை.

ஆனால் சட்டம் வந்த காலத்தில் வடக்கில் நாங்கள் எங்கே இருந்தோம்? 1990 களில் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம். ஒரு சவர்க்காரக் கட்டி, ஒரு சோடி பற்றரி கிடைச்சதே பெரிய காரியம். கிடைச்ச சாமானில் குறை சொல்ல ஆருக்கு மனம் வரும்? “கிடைச்சதே காணும்” எண்ட அந்தப் பழக்கம் தடை போன பிறகும் போகவில்லை எண்டுதான் நான் நினைக்கிறேன். இண்டைக்கும் புதுப் ஃபோன் ஒரு கிழமையில் செத்தால், “விடு, அவையளோட கதைச்சு வெல்ல ஏலாது” எண்டுதான் வீட்டில் சொல்லுவினம். பில்லின் அடியில் “விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது” என்ற வரியைக் கண்டதும் நாங்களே திரும்பி வந்துவிடுகிறோம். அந்த வரி முறைப்பாட்டு வழியை அடைத்துப் போடாது.

2021 கடைசியில் நாட்டின் பல இடங்களில் சமையல் காஸ் வெடிப்புகள் நடந்தன. அடுப்படியில் நிற்கிறவரும் காஸ் வாங்கினவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. மே டொனஹியூவின் கேள்வி பழசாகவில்லை.

அவரிடம் பில்லும் இல்லை, காசும் இல்லை. எங்களிடம் குறைந்தது பில் இருக்கும். அதைக் கசக்கி எறியாமல் திகதியைப் பாருங்கோ. மூண்டு மாசம் கெதியில ஓடிப்போகும்.