அட்லஸின் பெயருக்குள் அடங்கிய இனம்: தென்னிந்திய, இலங்கைப் பெரும் பட்டு அந்துப்பூச்சி அடையாளம் பெற்ற வரலாறு

1. ஆய்வுச் சிக்கல்

மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களில் ஏறத்தாழ ஒரு சாண் அகலத்துக்குச் சிறகு விரித்த செம்பழுப்பு அந்துப்பூச்சி தென்பட்டால், ‘அட்லஸ் அந்துப்பூச்சி’ என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. வகைப்பாட்டியலின்படி அப்பெயர் இங்குப் பொருந்தாது. அட்டகஸ் அட்லஸ் இமயமலைச் சாரல், வடகிழக்கிந்தியா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளுக்கு உரியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது அட்டகஸ் டாப்ரோபானிஸ். 19ஆம் நூற்றாண்டிலேயே தனிப்பெயர் பெற்ற இவ்வினம் நெடுங்காலம் மற்றொன்றின் பெயரில் அறியப்பட்டது ஏன்? எந்த உறுப்பை வைத்து இனத்தை வரையறுப்பது என்பதில் அறிஞர்களின் நிலைப்பாடு காலந்தோறும் மாறியதே அதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. சிறகே சான்றாக

1758இல் வெளிவந்த ‘சிஸ்டமா நேச்சுரே’யின் பத்தாம் பதிப்பில் கார்ல் லின்னேயஸ், இன்று அட்டகஸ் அட்லஸ் எனப்படும் பூச்சிக்கு ‘பலீனா அட்லஸ்’ எனப் பெயரிட்டார். வண்ணத்துப்பூச்சிகளையும் பருந்து அந்துப்பூச்சி முதலிய சிலவற்றையும் நீக்கி, எஞ்சிய அந்துப்பூச்சிகள் எல்லாவற்றையும் அவர் பலீனா என்னும் ஒரே பேரினத்தில் அடக்கியிருந்தார். அளவும், சிறகின் நடுவிலுள்ள ஒளி ஊடுருவும் சாளரம் போன்ற திட்டுகளும், கொக்கியாய் வளைந்த சிறகு நுனியும் அன்றைக்குப் போதிய அடையாளங்களாக இருந்தன.

ஆனால் அவை அட்டகஸ் பேரினம் முழுமைக்கும் பொதுவானவை; இனங்களைப் பிரித்துக் காட்டப் போதாதவை. பெண் பூச்சியின் சிறகு அகன்றது. ஆணின் சிறகு ஒடுங்கி, நுனி மேலும் வளைந்தது. ஆணின் உணர்கொம்பு அகன்ற இறகு போன்றது. பழக்கமில்லாத கண்ணுக்கு ஓர் இனத்தின் ஆணும் பெண்ணும் இரண்டு இனங்களாகத் தோன்றும். முதிர்ந்த பூச்சி உண்பதில்லை. அதன் உடல் அளவு புழுப் பருவத்தில் கிடைத்த இரையைப் பொறுத்தது. ஆகவே அளவை வைத்து இனம் பிரிப்பதும் சரிவராது.

3. பேராதனையிலிருந்து இலண்டனுக்கு

பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராயிருந்த த்வெய்ட்ஸின் மேற்பார்வையில், டி அல்விஸ் குடும்பத்துச் சிங்கள ஓவியர்கள் இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் புழு, கூட்டுப்புழு நிலைகளோடு வரைந்தனர். இவ்வோவியங்களைத் துணையாகக் கொண்டு பிரடெரிக் மூர் எழுதிய ‘தி லெபிடாப்டெரா ஆஃப் சிலோன்’ 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அட்டகஸ் டாப்ரோபானிஸ் அதில்தான் பெயர் பெற்றது. வகைப்பாட்டு நூல்கள் அதன் ஆண்டை 1882 அல்லது 1883 எனக் குறிக்கின்றன.

மூர் காட்டிய வேறுபாடுகளும் நிறத்தையும் சிறகுக் கோடுகளையும் சார்ந்தவை. அட்லஸ் இனத்திற்குள்ளேயே நிறம் பெரிதும் மாறுபடுவதை அறிந்த பின்வந்தோர் பலர், இலங்கைப் பூச்சியை அட்லஸின் கிளையினமாகத் தாழ்த்தினர். அவர்களுடைய ஐயத்தில் நியாயம் உண்டு, சான்று மெலிந்தது.

4. உடற்கூறும் நிலப்பரப்பும்

இந்நிலையை மாற்றியது 1989இல் ரிச்சர்ட் பீக்லர் வெளியிட்ட அட்டகஸ் பேரின மறுஆய்வு. ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்புகளின் கடினப் பகுதிகள், சிறகுக் கோலம், பரவலிடம் ஆகியவற்றை ஒருசேர ஒப்பிட்டு, டாப்ரோபானிஸைத் தனி இனமாக அவர் நிறுவினார். சிறகைப் போல இரையின் மிகுதி குறைவுக்கேற்ப அவ்வுறுப்புகளின் வடிவம் எளிதில் மாறுவதில்லை. அதுவே அவற்றின் சான்று வலிமை.

பரவலிடமும் இம்முடிவோடு ஒத்துப்போகிறது. வாய் உறுப்புகள் செயலிழந்த இப்பூச்சி, சேமித்த கொழுப்பைக் கொண்டு ஓரிரு வாரமே வாழ்கிறது. பெண் பெரும்பாலும் கூட்டை விட்டு வெளிவந்த இடத்தருகே தங்கி, மணத்தால் ஆணை ஈர்க்கிறது. கடலோ வறண்ட நிலமோ குறுக்கிட்டால் கூட்டங்கள் தனித்துப்போக வாய்ப்பு மிகுதி. திமோரின் டோஹர்ட்டியி, வட ஆஸ்திரேலியாவின் வார்டி எனத் தனி இனங்கள் இருப்பது இதற்குப் பொருந்துகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளை வடகிழக்கிலிருந்து பிரிப்பது தக்காணத்தின் வறள்நிலம். பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோது, ஆழமற்ற பாக் நீரிணைப் பகுதி இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த நிலமாயிருந்தது. இரு கரையிலும் ஒரே இனம் வாழ்வதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2003இல் பால் ஹெபர்ட்டும் அவர் குழுவினரும் முன்வைத்த டிஎன்ஏ பட்டைக்குறி முறை புதிய சான்றைச் சேர்த்தது. மைட்டோகாண்ட்ரிய மரபணு ஒன்றின் ஏறத்தாழ 650 காரங்கள் கொண்ட பகுதியை ஒப்பிடும் இம்முறைக்கு, உலர்ந்த மாதிரியின் ஒரு காலே போதும். எனினும் அண்மையில் பிரிந்த இனங்களில் இப்பகுதி தெளிவாக வேறுபடாமல் இருக்கக்கூடும். உடற்கூற்றுச் சான்றுக்கு அது துணையே, மாற்று அன்று.

5. முடிவு

மூர் வைத்த பெயர் நிலைத்தது. அவர் காட்டிய சான்று நிலைக்கவில்லை. அட்டகஸைப் பொறுத்தவரை, பூச்சியின் பாலும் அது கிடைத்த இடமும் குறிக்கப்படாத அழகிய படத்தைவிட, அவை குறிக்கப்பட்ட மங்கலான படம் ஆய்வுக்குப் பயன்படும். பெயர் பிழையானால் விளைவும் உண்டு: தென்பகுதிக் கூட்டங்களை அட்லஸ் எனக் கணக்கிட்டால், சிறு நிலப்பரப்புக்குள் வாழும் ஓர் இனம் ஆசியாவின் பெரும்பகுதியில் பரவியதாகப் பதிவாகும், அதன் காடுகள் சுருங்கும்போது அந்த இழப்பு எந்தப் பட்டியலிலும் ஏறாது.