சக்தி மட்டும் போதுமா?



விமானம் என்றாலே நாம் இன்ஜினைத்தான் புகழ்வோம். இன்று நான் முன்னால் சுழலும் புரொப்பல்லருக்காக வாதாடப் போகிறேன்.

உயரே போகப் போகக் காற்று மெலியும். இன்ஜினின் சக்தி குறையும். இதற்கு வந்த மருந்துதான் டர்போசார்ஜர். வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி அது. 1918-ல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், 14,000 அடிக்கும் மேலான பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஒரு லிபர்ட்டி இன்ஜினைக் கொண்டுபோய்ச் சோதித்தார். கீழே 350 குதிரைசக்தி தந்த இன்ஜின் மேலே 230 தான் தந்தது. டர்போவை மாட்டியதும் 356!

1920 பிப்ரவரி 27 அன்று, டேட்டன் நகரின் மெக்குக் தளத்திலிருந்து மேஜர் ஷ்ரோடர் டர்போ பொருத்திய விமானத்தில் 33,000 அடிக்கு மேல் ஏறினார். ஆக்சிஜன் தீர்ந்து மயங்கினார். விமானம் மைல் கணக்கில் கீழே பாய்ந்தது. கண்கள் உறைந்த நிலையிலும் தரையிறக்கி உயிர் பிழைத்தார்.

இன்ஜின் ஜெயித்துவிட்டது. ஆனால் பாதிக் கணக்குதான் முடிந்தது.

திருகாணி மரத்துக்குள் இறங்குவதுபோல் புரொப்பல்லர் காற்றுக்குள் முன்னேறுகிறது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும்படி பிளேடைச் சாய்த்திருக்கிறோமோ, அதுதான் பிட்ச். பிட்ச் குறைவாக இருந்தால் ஓடுபாதையில் சுலபமாகக் கிளம்பலாம். ஆனால் மேலே மெல்லிய காற்றில் பிடிப்பில்லாமல் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழலும். பிட்சைக் கூட்டினால் மேலே சரியாக இருக்கும். தரையில் இன்ஜின் திணறும். டாப் கியரில் லாரியைக் கிளப்பிப் பாருங்கள், புரியும்!

அதே மெக்குக் தளத்தில் புரொப்பல்லர் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் ஃபிராங்க் கால்டுவெல். பறக்கும்போதே பிளேடின் கோணத்தை மாற்றும் வழியைத் தேடினார். பிறகு ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தில் அதைச் சாதித்தார். 1933-ல் போயிங் 247 விமானத்தில் பொருத்தியபோது, கிளம்ப ஓடும் தூரம் 20 சதவீதம் குறைந்தது. மேலேறும் வேகம் 22 சதவீதம் கூடியது. இன்ஜினில் ஒரு குதிரைசக்திகூடக் கூட்டவில்லை! அந்த ஆண்டின் காலியர் விருது அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. கால்டுவெல்லின் பெயரையும் சிறப்பாகக் குறிப்பிட்டார்கள்.

இன்றும் வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டி, டர்போ இன்ஜின் வைப்பவர்களுக்கு இதே கேள்வி காத்திருக்கிறது: மாறாத பிட்ச் என்றால் தரைக்கா, உயரத்துக்கா? ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

சக்தியைச் சேர்ப்பது ஒரு வித்தை. இருக்கும் இடத்துக்குத் தக்கபடி அதைச் செலவழிப்பது இன்னொரு வித்தை. இரண்டாவதற்குக் கைதட்டல் குறைவு. அதனால்தான் கால்டுவெல்லை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்தேன்.