வேலை கிடைக்காமல் போன சி.ஆர்.ராவ்

கடைசி வருடம் வந்துவிட்டால் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். டேட்டா சயின்ஸ் வேலைக்குப் போக எந்த கோர்ஸ் படிக்கலாம்? எந்தச் சான்றிதழ் வாங்கலாம்? அந்தப் பெயர் பரவுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அதே வேலையில் இறங்கிய ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சி.ஆர்.ராவ் 1920-ல், இன்றைய கர்நாடகத்தில் உள்ள ஹடகளியில், ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் எம்.ஏ. முடித்தார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ராணுவ சர்வே பிரிவில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று கல்கத்தா போனார். வேலை கிடைக்கவில்லை.

ஆனால் தங்கியிருந்த இடத்தில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பயிற்சி பெற வந்திருந்த ஒருவரைச் சந்தித்தார். அப்படி ஒரு கழகம் இருப்பதே ராவுக்கு அப்போதுதான் தெரிந்தது. 1941 ஜனவரி 1 அன்று அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தார்.

அந்தக் கழகத்தை 1931-ல் தொடங்கிய மகலனோபிஸ் ஓர் இயற்பியல் பேராசிரியர்! புள்ளியியலுக்கு எம்.ஏ. என்ற படிப்பையே கல்கத்தா பல்கலைக்கழகம் 1941-ல்தான் ஆரம்பித்தது. ராவ் அதன் முதல் குழுவில் படித்து 1943-ல் தேறினார். கழகத்தில் இருந்தது வெறும் பாடம் அல்ல. வங்காளத்தில் எவ்வளவு நிலத்தில் சணல் விளைகிறது, பல்வேறு சமூகத்தினரின் உடல் அளவுகள் எப்படி வேறுபடுகின்றன என்று நிஜமான கேள்விகளும், எண்கள் நிறைந்த தாள்களும் இருந்தன.

அடுத்த கட்டம் இன்னும் சுவையானது. ராவ் பாடம் நடத்தும்போது ஒரு மாணவர் எழுந்து, "இந்த முடிவு பெரிய மாதிரிகளுக்குத்தானே, சிறிய மாதிரிகளுக்கு நிரூபிக்க முடியுமா?" என்ற பொருளில் கேட்டார். கேட்டவர் பின்னாளில் பொருளியல் அறிஞராகப் புகழ்பெற்ற தாண்டேகர். ராவ் அன்று இரவே உட்கார்ந்து விடை கண்டுபிடித்து, மறுநாள் வகுப்பில் போட்டுக் காட்டினார். அது 1945-ல் கட்டுரையாக வந்தது. கையில் இருக்கும் தரவை வைத்துக்கொண்டு, ஒருபக்கம் சாயாத ஒரு மதிப்பீடு அதிகபட்சம் எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு அது ஓர் எல்லை வகுத்தது. சுவீடனின் கிராமர் தனியாக அதே முடிவுக்கு வந்ததால், இன்று அதை கிராமர்-ராவ் எல்லை என்கிறார்கள்.

1946-ல் கேம்பிரிட்ஜ் போனதும் வேலைக்காகத்தான். சூடானின் ஜெபல் மோயாவில் தோண்டி எடுத்த பழங்கால எலும்புகளின் அளவுகளை அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஆராய வேண்டும். அந்த வேலையோடு சேர்த்தே, ஃபிஷரிடம் ஆய்வு செய்து 1948-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அதனால் கோர்ஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. ராவும் பயிற்சியில்தான் தொடங்கினார், அவருடைய கணித அடித்தளமும் பலமானது. மகலனோபிஸ் போன்ற ஒருவர் கிடைத்தது அதிர்ஷ்டம். அது எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் பயிற்சி கதவைத்தான் திறந்தது. உள்ளே அவரை வளர்த்தது, யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே விடை தேவைப்பட்ட கேள்விகள்: சணல் எவ்வளவு, எலும்பு யாருடையது, இந்த நிரூபணம் சரியா?

நாம் பெரும்பாலும் சுத்தம் செய்து கொடுத்த தரவில் பயிற்சி எடுத்துவிட்டு, பயோடேட்டாவில் ஒரு வரி சேர்த்துக்கொள்கிறோம். அதற்குப் பதில் நம் ஊர் மழை அளவையோ, பக்கத்துக் கடையின் விற்பனைக் கணக்கையோ எடுத்து, கடைக்காரர் கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்தால் என்ன? எண்கள் குளறுபடியாக இருக்கும். பாடமே அதுதான்.

2023-ல் ராவுக்கு சர்வதேசப் புள்ளியியல் பரிசு கிடைத்தது. அதற்குக் காரணமான கட்டுரை வெளியாகி அப்போது 78 வருடம் ஆகியிருந்தது. அதே ஆகஸ்டில், 102-வது வயதில் காலமானார். ராணுவத்தில் அந்த வேலை கிடைத்திருந்தால்? யோசித்துச் சொல்லுங்கள் நண்பர்களே.