மருந்து வந்த வழியும் வந்துசேராத தெருவும்

தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சீர்திருத்தங்கள்: ஒரு தலித் வரலாற்று வாசிப்பு



பண்டிதர் அயோத்திதாசரை நாம் பௌத்தராக, இதழாளராக, பூர்வத் தமிழர் வரலாற்றை மீட்டெழுதியவராக நினைவுகூர்கிறோம். அவர் சித்த மருத்துவர் என்பதை அதே அழுத்தத்தோடு சொல்வதில்லை. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர், நாடி பிடித்து நோய் பார்த்த கையால்தான் எழுதவும் செய்தார். இன்று தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் நினைவில் கூடியிருக்கும் இந்த அவையில், ஏழைக்கு மருத்துவம் எட்டிய வரலாற்றைப் பேசுவது பொருத்தம் என்று நினைக்கிறோம்.

இந்த வரலாற்றைப் பேசுகிறவர்கள் இரண்டு வகை. ஒரு சாரார் தமிழ்நாட்டின் சாதனைகளை மட்டும் அடுக்குவார்கள். இன்னொரு சாரார் எதுவுமே நமக்காக நடக்கவில்லை என்பார்கள். இரண்டுமே நமக்கு உதவாது. அரசு மருத்துவமனை இல்லையென்றால் நம்மில் பலர் இந்த அவையில் உட்கார்ந்திருக்க மாட்டோம். அதே மருத்துவமனையின் கழிவை அள்ளுகிறவர்கள் இன்றும் நம் தெருவிலிருந்துதான் போகிறார்கள். இவை இரண்டும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள்.

இரண்டு சட்டங்கள்

சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனித்துறை 1922இல் உருவானது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பது வேறு, நோய் வராமல் குடிநீரையும் சாக்கடையையும் தடுப்பூசியையும் கவனிப்பது வேறு என்று அப்போதே பிரித்துப் பார்த்தார்கள். மற்ற மாநிலங்கள் பிற்காலத்தில் இரண்டையும் ஒன்றாகக் கலந்தபோதும் தமிழ்நாடு தனித்துறையைக் கைவிடவில்லை. 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முன்னோடி. தூய குடிநீர் தருவதும் தொற்றுநோயைத் தடுப்பதும் உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்று அது எழுதி வைத்தது.

அதற்கு ஓராண்டு முன்பு, 1938இல், எம்.சி.ராஜாவின் முயற்சியால் குடிமை உரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. பொதுக் கிணறு, குளம், பாதை, வாகனம், பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனம் எதிலும் தீண்டப்படாதவர் என்று சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்றது அது. 1924இல் இரட்டைமலை சீனிவாசனும் வீரையனும் சட்டமன்றத்தில் இருந்த காலத்தில் பொதுச்சாலைகளுக்கும் கிணறுகளுக்கும் நிறைவேறிய தீர்மானத்தின் தொடர்ச்சி அது.

ஒரே சட்டமன்றம், அடுத்தடுத்த ஆண்டுகள், இரண்டு சட்டங்கள். ஒன்று தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்றது. மற்றொன்று அந்தத் தண்ணீரை எல்லோரும் எடுக்கலாம் என்றது. முதல் சட்டத்தை நடத்த ஒரு துறையும் அலுவலர்களும் நிதியும் இருந்தன. இரண்டாவது சட்டத்தை நடத்த, பாதிக்கப்பட்டவரே காவல் நிலையப் படியேற வேண்டியிருந்தது. சுகாதாரம் நிர்வாகப் பொருளானது, தீண்டாமை வழக்குப் பொருளானது. சுகாதார ஆய்வாளரின் படிவத்தில் கிணற்றின் ஆழம் இருக்கும், யார் அதில் இறைக்க முடியாது என்பது இருக்காது. நாம் சொல்ல வந்தது முழுவதும் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

மருந்துச் சீட்டின் வரலாறு

1946இல் போர் குழு அறிக்கை ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்தது. அடுத்த பல பத்தாண்டுகளில் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் கட்டடம் மருத்துவம் ஆகாது. அரசு மருத்துவமனையில் டாக்டர் பார்ப்பார், ஒரு சீட்டில் எழுதி, “வெளியே வாங்கிக்கொள்” என்பார். அந்தத் துண்டுச் சீட்டு நம் மக்களை எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்பதைப் பொருளாதார நூல்கள் சொல்வதில்லை. மருந்துக்கடைக்குப் போகப் பணம் வேண்டும். பணத்துக்குக் கந்துவட்டிக்காரரிடமோ நிலக்காரரிடமோ போக வேண்டும். நிலக்காரர் கொடுத்த முன்பணத்துக்கு அடுத்த அறுவடை வரை உழைப்பைக் கொடுக்க வேண்டும். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் குடும்பத்தோடு போய்ச் சிக்கியவர்களிடம் முதல் கடன் எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டால், கல்யாணத்துக்கு அடுத்தபடியாக வரும் பதில் வைத்தியச் செலவு.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்த சீர்திருத்தம் என்று தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைச் சொல்ல வேண்டும். 1994 ஜூலையில் பதிவாகி, 1995 தொடக்கத்தில் அது செயல்படத் தொடங்கியது. அது செய்தது ஆரவாரமில்லாத நிர்வாக வேலை. அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தது. கம்பெனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரியது. முதல் உறையில் தயாரிப்பாளரின் தகுதி, இரண்டாவது உறையில் விலை. தகுதி தேறாதவரின் விலை உறை பிரிக்கப்படாது. வந்த மருந்தின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் யாரென்று தெரியாதபடி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மாவட்டந்தோறும் கிடங்கு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டு ஒதுக்கீட்டுத் தொகை அதில் வரவு வைக்கப்படும், தேவையான மருந்தைத் தேவையான அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். மேலிருந்து தள்ளிவிடும் மருந்து போய், கீழிருந்து கேட்டு வாங்கும் மருந்து வந்தது.

மொத்தமாக வாங்கியதால் விலை குறைந்தது. குறைந்ததால் அதே நிதியில் அதிக மருந்து கிடைத்தது. பிற்பாடு கேரளமும் இதைப் பின்பற்றியது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது இந்த மாதிரியைத்தான் எடுத்துக்கொண்டது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருப்பதால்தான் ஒரு மாநிலம் செய்து காட்டியதை இன்னொரு மாநிலம் எடுத்துக்கொள்ள முடிந்தது.

அரசு முத்திரையுள்ள அந்த மாத்திரை அட்டை கைக்கு வந்தபோது, நம் மக்கள் நிலக்காரர் வாசலில் நிற்க வேண்டிய காரணங்களில் ஒன்று குறைந்தது. இதை நாம் சலுகை என்று சொல்ல மாட்டோம். கூலி உயர்வுக்காக நடந்த போராட்டங்களுக்கு இணையான பொருளாதார விடுதலை இதில் இருக்கிறது.

பிரசவமும் கைகளும்

தாய்மார் நலனில் தமிழ்நாடு அடைந்த முன்னேற்றம் உண்மையானது. பேறுகால இறப்பு விகிதம் 2001-03இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134ஆக இருந்து, 2018-20இல் 54ஆகக் குறைந்தது. அதே 2018-20இல் இந்தியாவின் சராசரி 97. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியர்களின் நடையும், 24 மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 2008இல் வந்த 108 ஊர்தியும் இதற்குக் காரணங்கள்.

1928இல் பம்பாய் மாகாணச் சட்டமேலவையில் மகப்பேறு நலன் மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், அந்தச் சுமையை அரசு தாங்க வேண்டும் என்று வாதிட்டார். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம், 2006இல் 6,000 ரூபாயாகவும் 2011இல் 12,000 ரூபாயாகவும் பிறகு 18,000 ரூபாயாகவும் வளர்ந்தபோது அந்த வாதம் ஓரளவு நிறைவேறியது. ஆனால் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே என்பவை விதி. சீக்கிரம் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட பெண்ணுக்கும் மூன்றாவது குழந்தை சுமக்கும் கூலிப் பெண்ணுக்கும் அந்தப் பணம் இல்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவரையே விதி வெளியே நிறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவமனை வருவதற்கு முன் ஊரின் பிரசவங்களைப் பார்த்தவர்கள் நாவிதர் சமூக மருத்துவச்சிகளும் பல இடங்களில் நம் பாட்டிமார்களும். தொப்புள்கொடி அறுத்த கை தீட்டுக் கை என்று ஒதுக்கப்பட்டது. அந்த வேலைக்குச் சீருடையும் சம்பளமும் வந்தபோது தீட்டு மறைந்தது, அந்தக் கைகளும் மறைந்தன. அவர்களின் பேத்திகள் பலர் பிரசவ அறைக்குள் திரும்பி வந்தது ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராக.

கடைசித் தெரு

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்தன. பெரிய அறுவைச் சிகிச்சைகள் ஏழைக்குச் சாத்தியமாயின. ஆனால் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தபின் தொடங்குவது. அன்றாடச் சர்க்கரை மாத்திரைக்கு அது வராது. தனியார் மருத்துவமனைக்குப் போகும் பொதுப்பணம், அரசு மருத்துவமனையை வளர்க்க வேண்டிய பணம். அட்டை வாங்க வருமானச் சான்று வேண்டும், சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும். அது ஊரின் இன்னொரு வாசல். இதோடு ஒப்பிட்டால், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சரியான திசையில் வைத்த அடி. மருந்து வீட்டுக்கே வருகிறது. ஆனால் அதைக் கொண்டுவரும் பெண்ணுக்கு நிரந்தர வேலை இல்லை.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றார்கள். மருத்துவமனையில் தண்ணீரைச் சந்தேகித்தார்கள். தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிந்தது. நோயைக் கண்டுபிடிக்க மருத்துவம் இருந்தது. நோய்க்கான காரணத்துக்கு மருத்துவத்தில் பெயர் இல்லை. 1938ஆம் ஆண்டுச் சட்டமும் 1939ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்றையொன்று பார்க்காமலே இருந்ததன் விளைவு இதுதான்.

மருத்துவர் யார் என்பதும் இந்தக் கேள்விக்குள் அடங்கும். ஊரகத்தில் பணிசெய்யும் அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் இடஒதுக்கீடு தந்ததால்தான் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர்கள் தங்கினார்கள். நுழைவுத் தேர்வை நீக்கியதால் கிராமத்துப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். நீட் வந்தபின், பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்த குழுமூர் அனிதாவை 2017இல் இழந்தோம். நம் தெருவுக்கு வந்திருக்கக்கூடிய ஒரு டாக்டரை இழந்தோம் என்றும் அதைச் சொல்ல வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் எளியவை. துணை சுகாதார நிலையம் எங்கே கட்டப்படுகிறது என்பதைச் சேரியிலிருந்து அளக்க வேண்டும். தடுப்பூசி, ரத்தசோகை, குடிநீர்த் தர விவரங்களை ஊராட்சிக்கு மொத்தமாக அல்லாமல் குடியிருப்பு வாரியாக வெளியிட வேண்டும். தீண்டாமையைப் பதிவு செய்வதும் சுகாதார ஆய்வாளரின் கடமையாக வேண்டும். மருத்துவமனைத் துப்புரவுப் பணியில் ஒப்பந்தமுறை ஒழிய வேண்டும். மகப்பேறு உதவிக்கு இரண்டு குழந்தை வரம்பு போக வேண்டும். 2023இல் ராஜஸ்தான் மருத்துவத்தைச் சட்ட உரிமையாக்கியது. மருந்து வாங்கும் முறையைத் தமிழ்நாட்டிடம் கற்றுக்கொண்ட மாநிலம் அது. அதனிடமிருந்து இதை நாம் கற்றுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அரசு கொடுத்ததை நாம் மறுக்கவில்லை. அது எந்தத் தெருவோடு நின்றது என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை இந்த அவை தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவரவர் ஊரில், அவரவர் சுகாதார நிலையத்தில், பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பதிலிருந்து அது தொடங்கட்டும்.